தாங்கி கசிந்தால் கிணறு சொல்லுமா?

வாசகர் கேள்வி – பதில்

நிலத்துக்கடியில் புதைத்த பெற்றோல், டீசல் தாங்கிகள் பற்றிக் கொழும்பிலிருந்தும் அயலிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வளவுக் கிணற்றில் காலை வேளையில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கிறது. காலி வீதிப் பக்கம் ஒரு பெற்றோல் செட் இருக்கிறது. "நான் கலியாணம் முடித்து வந்த காலத்திலிருந்தே இது இருக்கு" என்கிறார் மாமி. மகனோ கிணற்றை மூடிவிடச் சொல்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மூடுவதற்கு முன் ஓர் ஈர்க்குக் குச்சியை எடுங்கள். மேல்தண்ணீரை வாளியில் அலுங்காமல் மொண்டு, படலத்தைக் குச்சியால் கீறிப் பாருங்கள். படலம் கூரிய மூலைகளோடு துண்டு துண்டாகப் பிரிந்து, பிரிந்தபடியே நின்றால் அது இரும்புப் பக்டீரியாவின் வேலை. கீறிய இடம் உடனே கூடி, நிறங்கள் சுழன்று ஒட்டிக்கொண்டால் எண்ணெய். கொழும்பின் கபுக் என்ற செந்நிறக் கல்மண்ணில் இரும்பு தாராளமாக இருக்கிறது. கிணற்றுச் சுவரில் செம்மஞ்சள் வழுவழுப்பும் வெள்ளைத் துணியில் துருக்கறையும் சேர்ந்து காணப்பட்டால் மாமியின் பக்கமே நியாயம்.

எண்ணெய்தான் என்று குச்சி சொன்னாலும் செட்டுக்குப் போய்ச் சண்டை பிடிக்க அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் சொந்த மோட்டரைப் பாருங்கள். நீர்மூழ்கி மோட்டர்களில் சில உள்ளே எண்ணெய் நிரப்பியவை. சீல் தேய்ந்தால் அந்த எண்ணெய் கிணற்றில்தான் இறங்கும். அதற்குப் பெற்றோல் வாடை இராது. பிறகு ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதியளவு மேல்தண்ணீரை எடுத்து, மூடிக் குலுக்கி, திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். பெற்றோலோ மண்ணெண்ணெயோ மணத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்க, குளிக்க எடுப்பதை அன்றே நிறுத்துங்கள். கிணற்றுக்குள் விளக்கோ எரியும் கடதாசியோ இறக்கிப் பார்க்கவே வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, கிணற்றுக்குள்ளேயே தங்கும். காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும்.

படலம் இல்லாத கிணறு சுத்தமான கிணறு என்றும் எண்ணக்கூடாது. பெற்றோலில் உள்ள பென்சீன் தண்ணீரில் நன்றாகவே கரைகிறது, கரைந்த பென்சீன் கண்ணுக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். தண்ணீரில் தனிப் பென்சீனின் மணம் மூக்குக்கு எட்டுவதோ ஏறத்தாழ 10 மில்லிகிராமில், அதாவது ஆயிரம் மடங்கில். பெற்றோலின் மற்றச் சேர்வைகள் இன்னும் குறைந்த அளவிலேயே மணப்பதால் மூக்கு ஓரளவு உதவும். ஆனால் அதை நம்பி ஒரு குடும்பம் தண்ணீர் குடிக்க முடியாது.

கேள்வி: கிணற்றுத் தண்ணீரில் மெல்லிய பெற்றோல் வாடை. மென்பானப் போத்தலில் எடுத்துப் பரிசோதிக்கக் கொடுத்தோம். "எண்ணெயும் கிறீசும்: கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வந்தது. குடிக்கலாமா?
– வத்தளை வாசகர்

பதில்: குடிக்க வேண்டாம். அறிக்கை பொய்யல்ல, ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விக்கு அது பதிலே அல்ல.

'எண்ணெயும் கிறீசும்' என்ற சோதனையில் தண்ணீரிலுள்ள எண்ணெயை ஹெக்சேன் போன்ற ஒரு கரைப்பானால் பிரித்தெடுத்து, கரைப்பானைச் சூடாக்கிப் பறக்கவிட்டு, மிஞ்சுவதை நிறுப்பார்கள். ஹெக்சேன் 69 பாகையில் கொதிக்கும், பென்சீன் 80 பாகையில். கரைப்பான் போகும்போது பென்சீனும் கூடவே போய்விடும். பெற்றோலின் பெரும்பகுதியும் அப்படித்தான். கழிவு எண்ணெய், கிறீஸ், கனமான எரிபொருள் ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை சரி. டீசலில் கூட ஒரு பங்கு தப்பிவிடும். எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைக் குடிநீர்த் தரத்தில் எண்ணெய், கிறீசுக்கான உச்ச வரம்பு லீற்றருக்கு 0.2 மில்லிகிராம். அது பென்சீன் வரம்பின் இருபது மடங்கு என்பதையும் கவனியுங்கள்.

நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டியது இரண்டு: பென்சீன், தொலுயீன், எதில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கையும் வாயு நிறப்பகுப்பு முறையில் தனித்தனியாக அளத்தல், மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபன்களைப் பெற்றோல் வீச்சு, டீசல் வீச்சு என்று பிரித்து அளத்தல். பணம் கட்டுமுன் ஒவ்வொன்றிலும் அவர்களால் எந்த அளவு வரை இறங்கிக் கண்டறிய முடியும் என்று கேளுங்கள். பென்சீனுக்கு 0.01 மில்லிகிராமுக்குக் கீழே போகாத ஆய்வுகூடத்தின் "கண்டறியப்படவில்லை" உங்களுக்கு உதவாது.

மாதிரி எடுப்பதில்தான் பாதிச் சோதனைகள் கெட்டுப்போகின்றன. பிளாஸ்டிக் போத்தல் கூடாது. இந்தச் சேர்வைகளை அது உறிஞ்சும், வெளியேயும் விடும். ஆய்வுகூடம் தரும் 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பிதான் வேண்டும். அதில் அமிலத் துளிகள் இருந்தால் கழுவிக் கொட்டிவிடாதீர்கள், பக்டீரியா வழியில் பென்சீனைத் தின்னாமல் இருக்கவே அதை விட்டிருக்கிறார்கள். மேல்நிலைத் தாங்கியிலிருந்து வரும் பைப்பில் பிடித்தால் பாதி ஆவியாகிப் போயிருக்கும், கிணற்றிலிருந்தே எடுங்கள். நுரையெழாமல் குப்பியின் சுவரோடு ஊற்றி, விளிம்பில் தண்ணீர் குவிந்து நிற்கும் வரை நிரப்பி மூடுங்கள். தலைகீழாகப் பிடித்துத் தட்டும்போது ஒரு குமிழி ஓடினாலும் இன்னொரு குப்பி எடுங்கள். இரண்டு மூன்று குப்பிகளாக, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் மோட்டார் சைக்கிள் பெற்றோல் தாங்கியைத் தொட்ட கையோடு குப்பியைத் தொடாதீர்கள்.

கேள்வி: கொதிக்க வைத்து ஆறவிட்டால் சரிதானே?
– கிராண்ட்பாஸ் வாசகி

பதில்: இல்லை. கிருமிக்குச் செய்வதை இதற்குச் செய்யக்கூடாது. ஆவி முழுவதும் உங்கள் குசினிக்குள்தான் வரும், அடுப்பும் பக்கத்திலேயே எரிகிறது. குளோரினாலும் பென்சீன் போகாது. கரி வடிகட்டி பென்சீனைப் பிடிக்கும்தான். ஆனால் இரும்பு கலந்த கொழும்புக் கிணற்றுத் தண்ணீரில் கரி சீக்கிரம் அடைத்துப்போகும், நிரம்பிய கரி எப்போது கைவிட்டது என்று நாக்குக்குத் தெரியாது. வடிகட்டிக்குப் பின்னால் தண்ணீரை அடிக்கடி சோதிக்க வசதியில்லாத வீட்டில் அது போலித் தைரியம்.

கேள்வி: நான் ஓர் எரிபொருள் நிரப்பு நிலையத்தின் முகாமையாளர். 92 ஒக்ரேன் தாங்கியில் மாதக் கணக்கு எப்போதும் குறைகிறது. "வெயிலுக்கு ஆவியாகிறது" என்கிறார் முதலாளி. கசிவா, கள்ளக் கணக்கா, வெயிலா என்று எப்படிப் பிரித்தறிவது?
– கொலன்னாவை வாசகர்

பதில்: நல்ல கேள்வி. கசிவைப் பிடிப்பதற்கு உங்கள் கையிலுள்ள பதிவேட்டைப்போல் மலிவான கருவி வேறில்லை, அதை ஒழுங்காக எழுதினால்.

ஒவ்வொரு தாங்கிக்கும் தனிப்பக்கம் போடுங்கள். காலை இருப்பு, பவுசரில் இறக்கியது, பம்பி மீற்றர்ப்படி விற்றது, இரவு டிப் அளவு (கோலைத் தாங்கிக்குள் இறக்கி அளந்த இருப்பு), இவ்வளவும் தினமும். கணக்கு இருப்புக்கும் டிப் இருப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மாத முடிவில் மட்டும் பார்க்காமல் அன்றன்று கூட்டிக்கொண்டே வாருங்கள். அமெரிக்க விதிகளில் மாத விற்பனையின் ஒரு சதவீதத்தோடு 130 கலன், அதாவது 492 லீற்றர் சேர்த்த அளவைத் தாண்டினால்தான் கசிவுச் சந்தேகம் என்று வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு லட்சம் லீற்றர் விற்கும் ஓர் இடத்தில் அது 1,492 லீற்றர். தினம் 40 லீற்றர் மண்ணுக்குள் போனாலும் மாதம் 1,200தான், கணக்கு 'சரி' என்றே காட்டும். ஆகவே எல்லையைவிடப் போக்கைப் பாருங்கள். பிழைக் கணக்கு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். கசிவு ஒரே பக்கமாகத்தான் போகும்.

போக்கின் வடிவமும் இடத்தைச் சொல்லிவிடும். விற்பனை கூடிய நாளில் குறைவும் அதே விகிதத்தில் கூடினால் மீற்றரைச் சந்தேகியுங்கள். முத்திரையிட்ட அளவுச்சாடியில் ஒவ்வொரு நொசிலாகப் பிடித்துப் பாருங்கள். பம்பி ஓடும் நேரத்தில் மட்டும் குறைந்து, மூடிய இரவில் அசையாமல் நின்றால் குழாய்வழி. விற்பனையே இல்லாத இரவிலும் விடுமுறையிலும் அதே வேகத்தில் இறங்கினால் தாங்கி. பவுசர் வந்த நாட்களில் மட்டும் குறைந்தால் இறக்கிய அளவு அல்லது வெப்பநிலை.

முதலாளி சொல்லும் வெயிலுக்கும் கணக்குண்டு. பெற்றோல் ஒரு பாகைக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ 1.1 பங்கு விரியும், சுருங்கும். 35 பாகையில் வந்த 6,600 லீற்றர், தாங்கிக்குள் 29 பாகைக்கு ஆறினால் 44 லீற்றர் 'காணாமல்' போகும். ஆனால் அது இறக்கிய ஓரிரு நாளோடு நின்றுவிட வேண்டும். மூன்றாம் நாளும் குறைந்தால் வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. காற்றுக் குழாய் வழியாக ஆவி போவது உண்மைதான், ஆனால் மாதாமாதம் ஆயிரக்கணக்கில் போகாது.

டிப் கோலின் வரம்பையும் அறிந்திருங்கள். 33,000 லீற்றர்த் தாங்கி 2.5 மீற்றர் விட்டமும் 6.7 மீற்றர் நீளமும் கொண்டதென்றால், பாதி நிரம்பிய மட்டத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது கிட்டத்தட்ட 17 லீற்றர். செக்கனுக்கு ஒரு துளி கசிந்தால் நாளுக்கு நாலேகால் லீற்றர், வருடத்துக்கு 1,500 லீற்றருக்கு மேல். அது ஓர் இரவில் கோலில் கால் மில்லிமீற்றர் கூட இறங்காது. ஒரு சதவீதம் பென்சீன் உள்ள ஒரே ஒரு லீற்றர் பெற்றோலில் 8.8 கிராம் பென்சீன் இருக்கும், 0.01 மில்லிகிராம் கணக்கில் அது எட்டே முக்கால் லட்சம் லீற்றர் தண்ணீரைக் கெடுக்கப் போதும். கோலுக்குத் தெரியாத கசிவுக்குத் தன்னியக்க மட்டமானி வேண்டும், அல்லது மணிக்கு 0.38 லீற்றர் கசிவைக்கூடப் பிடிக்கும் இறுக்கச் சோதனை வேண்டும்.

கொலன்னாவை போன்ற தாழ்ந்த இடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் தாங்கியின் அடியைவிட மேலே நின்றால் துளை வழியாக எரிபொருள் வெளியேறுவதற்குப் பதில் தண்ணீர் உள்ளே வரும். இருப்புக் குறையாது, சில வேளை கூடும்! ஆகவே டிப் கோலின் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தினமும் தடவிப் பாருங்கள். மழைக்குப் பின் தண்ணீர் ஏறினால் முதலில் ஊற்றுவாய் மூடியின் றப்பர் வளையத்தை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் ஏறினால் தாங்கி ஓட்டை. அடியில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சி எடுக்காமல் விடுவதே ஓட்டை விழ ஒரு காரணம்: எரிபொருளும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து அமிலம் சுரந்து இரும்பை அரிக்கின்றன. டிப் கோல் தினமும் ஒரே இடத்தில் குத்துவதால் பூச்சுப் பெயர்ந்து அங்கேயே ஓட்டை விழுவதும் சாதாரணம். ஊற்றுவாய்க்கு நேர் கீழே ஒரு தடிப்புத் தகடு பொருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

குழாய்வழியில், பம்பி மேலே நின்று உறிஞ்சும் பழைய முறை ஒருவகையில் பாதுகாப்பானது. குழாய் ஓட்டையானால் காற்றை இழுத்துப் பம்பி திணறும், உங்களுக்கே தெரிந்துவிடும். குழாய் தாங்கியை நோக்கிச் சாய்ந்திருந்து, ஒருவழி வால்வு பம்பியின் அடியில் மட்டும் இருந்தால் மிச்ச எரிபொருளும் தாங்கிக்கே திரும்பும். தாங்கிக்குள்ளிருந்து அழுத்தி அனுப்பும் முறையில் எந்த அறிகுறியும் இல்லாமல் விற்பனையும் நடக்கும், கசிவும் நடக்கும். அந்த முறை உங்களிடம் இருந்தால் ஒவ்வொரு வழிக்கும் கசிவு உணரி கட்டாயம். மணிக்கு 11 லீற்றரளவு கசிவை உண்டாக்கி அது வழியை மறிக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். ஓட்டம் குறைகிறது என்று உணரியைக் கழற்றி வைக்கும் திருத்துநரை மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, பவுசர்க் குழாயைக் கழற்றும்போது சிந்தும் ஒன்றிரண்டு லீற்றரை மண் குடிக்க விட்டால் பயனில்லை. ஊற்றுவாயைச் சுற்றிச் சிந்தல் தொட்டி இருக்க வேண்டும், அது மழைத்தண்ணீரால் நிறைந்திருக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் தொடர்மாடியில் ஜெனரேற்றருக்காக வாகனத் தரிப்பிடத்தின் கீழ் 5,000 லீற்றர் டீசல் தாங்கி புதைத்திருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேலாகிறது. காற்றடித்துச் சோதித்துத் தருவதாக ஒருவர் வந்திருக்கிறார். விடலாமா?
– நிர்வாகக் குழு உறுப்பினர், பம்பலப்பிட்டி

பதில்: விட வேண்டாம். எரிபொருள் இருந்த தாங்கிக்குக் கொம்பிரசரால் காற்றடிப்பது தாங்கியையும் ஆளையும் சேர்த்து இழக்கும் வழி.

முதலில் நிலத்துக்கு மேலே தெரிவதைப் பாருங்கள். ஜெனரேற்றருக்குப் பக்கத்திலுள்ள நாளாந்தத் தாங்கியின் மிதவை ஆளி சிக்கிக்கொண்டால் டீசல் வழிந்தோடும், அந்தக் கறையைத் தளத்தில் காணலாம். இயந்திரத்திலிருந்து திரும்பிச் செல்லும் குழாய் நிலத்துக்குள் போகும் மூட்டைத் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். தொடர்மாடிகளில் தாங்கியைவிட இந்த இரண்டு இடங்களிலேயே சந்தேகத்தைத் தொடங்குவது நல்லது.

தாங்கியை ஊற்றுகுழாயின் கழுத்து வரை நிரப்பி மட்டம் இறங்குகிறதா பார்ப்பது நுட்பமான முறை. 4 அங்குலக் குழாயில் ஒரு மில்லிமீற்றர் வெறும் 8 மில்லிலீற்றர். அதனாலேயே அது ஏமாற்றவும் செய்யும்: 5,000 லீற்றர் டீசல் பத்தில் ஒரு பாகை குளிர்ந்தாலே மட்டம் 5 சென்ரிமீற்றர் இறங்கிவிடும். நிரப்பி ஒருநாள் ஆறவிட்டு, தாங்கிக்குள் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையை அளந்து திருத்தம் செய்பவரிடம் மட்டும் இதைக் கொடுங்கள். வெப்பமானி இல்லாமல் வருபவரின் முடிவுக்கு மதிப்பில்லை.

கடலுக்கு இவ்வளவு கிட்ட, உப்புக் கலந்த மண்ணில், இரும்புக்குப் பதில் தான் அரிபடும் காப்பு அனோட் இல்லாத ஒற்றைச் சுவர் இரும்புத் தாங்கி என்றால் எங்கள் ஆலோசனை சோதனைக்குச் செலவழிப்பதல்ல, எடுத்துவிட்டு நிலத்துக்கு மேல் தடுப்புச் சுவர்த் தொட்டிக்குள் தாங்கி வைப்பதுதான். தொட்டி தாங்கியின் முழு அளவையும் கொள்ள வேண்டும், மேலும் ஒரு பத்து சதவீதம்.

எடுக்கும் நாள் மழைக்காலத்தில் வரக்கூடாது. நீர்மட்டம் ஏறியிருக்கும்போது தாங்கியை வெறுமையாக்கினால் 5,000 லீற்றர்த் தாங்கியைத் தண்ணீர் 5 தொன் விசையோடு மேலே தள்ளும். தாங்கியின் இரும்பு ஒரு தொன்னும் வராது. மேலே கொங்கிரீற் பாரமோ பட்டியோ இல்லையென்றால் தளத்தைப் பிளந்துகொண்டு எழும், குழாய்கள் முறியும். டீசலை வெளியே எடுத்த பின் அடிச்சேற்றையும் எடுக்க வேண்டும். அது அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் உள்ளவரிடமே ஒப்படைக்க முடியும். பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு முன் ஆவியை வெளியேற்ற உலர்பனிக்கட்டி போடுவார்கள், ஆயிரம் லீற்றர் கொள்ளளவுக்கு ஏறத்தாழ 2 கிலோ. அதன் பிறகு தாங்கிக்குள் ஒட்சிசன் இராது, யாரும் தலையை நுழைக்கக் கூடாது. இங்கே நடக்கும் பெரிய தவறு ஒன்று: எரிவாயுமானிகளில் பெரும்பாலானவை வேலை செய்ய ஒட்சிசன் தேவை. ஒட்சிசன் இல்லாத தாங்கியில் ஆவி இருந்தாலும் அது 'பூச்சியம்' காட்டும். ஆகவே ஒட்சிசன் அளவையும் சேர்த்துக் காட்டும் மானியில்லாமல் தாங்கியில் காஸ் கட்டர் வைக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.

தாங்கி வெளியே வந்ததும் குழியை மூட அவசரப்படுவார்கள். இரு முனைகளின் கீழும், ஊற்றுவாயின் கீழும், குழாய் மூட்டுகளின் கீழும் அரை மீற்றர் தோண்டி மண் மாதிரி எடுத்து, முடிவு வந்த பின்பே மூடச் சொல்லுங்கள். அந்த ஒரு நாளில் கிடைக்கும் தகவலைப் பிறகு தளத்தைத் துளைத்துத்தான் பெற வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்களிடம் கிணறே இல்லை, நீர்வழங்கல் சபையின் குழாய்த் தண்ணீர்தான். ஆனாலும் காலையில் முதலில் வரும் தண்ணீர் தின்னர்போல் மணக்கிறது. அது எப்படி?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: அம்பத்தலை நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து அப்படி வரவில்லை, வந்தால் அயலெல்லாம் மணக்கும், நாள் முழுவதும் மணக்கும். உங்கள் வாசல் குழாய் போகும் மண்ணைப் பாருங்கள். பொலித்தீன் வகைக் குழாய்ச் சுவருக்குள் பென்சீனும் தொலுயீனும் ஓட்டையில்லாமலே ஊடுருவும், றப்பர் மூட்டுகள் வழியாக இன்னும் எளிதாக. இரவெல்லாம் குழாயில் தேங்கிய தண்ணீரில் அது சேர்ந்து, முதல் வாளியில் மணக்கும். பக்கத்தில் பழைய செட், வாகனத் திருத்தகம், பெயின்ற் களஞ்சியம் இருந்ததா என்று விசாரியுங்கள். குழாயை மாற்றும்போது அந்தப் பகுதிக்கு உலோகக் குழாயையோ நடுவில் அலுமினியத் தடுப்புள்ள குழாயையோ போடச் சொல்லுங்கள். அதே பிளாஸ்டிக்கை மாற்றினால் சில மாதத்தில் மறுபடி மணக்கும். அதுவரை காலையில் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள், சபைக்கும் அறிவியுங்கள்.

கேள்வி: பக்கத்து நிலையத்தில் கசிவு என்று உறுதியாகிவிட்டது. கிணற்றை முழுதாக இறைத்து, சவர்க்காரத் தூளும் குளோரினும் போட்டுக் கழுவித் தருவதாகச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
– தெஹிவளை வாசகர்

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். பெற்றோல் தண்ணீரைவிட இலேசு, ஆகவே நீர்மட்டத்தின் மேலே மண் துளைகளுக்குள் படிந்து நிற்கிறது. நீங்கள் வேகமாக இறைத்தால் உங்கள் பக்கம் நீர்மட்டம் தாழ்ந்து, அங்கே நிற்பதும் இங்கே வரும். சவர்க்காரம் எண்ணெயைக் கரைத்து மேலும் ஆழத்துக்கு அனுப்பும். இறைத்ததைக் கானில் விட்டால் ஆவி கான் வழியே அயல்வீட்டு அடித்தளங்களுக்குப் போகும். கானில் பெற்றோல் மணந்தால் வேறு எதற்கும் முன் தீயணைப்புப் படையை 110இல் அழையுங்கள்.

சரியான வரிசை வேறு. கசியும் தாங்கியை அன்றே வெறுமையாக்க வேண்டும். மிதக்கும் எரிபொருளை மேலிருந்து வழித்தெடுக்கும் கருவியால் எடுக்க வேண்டும். சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் இறக்கி, பரவல் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்று வரைய வேண்டும். இதிலே கண்காணிப்புக் கிணற்றின் துளையிட்ட குழாய்ப்பகுதி, வரட்சி மட்டத்துக்குக் கீழேயும் மழைக்கால மட்டத்துக்கு மேலேயும் நீண்டிருக்க வேண்டும். முழுவதும் தண்ணீருக்கடியில் இருந்தால் மிதப்பது உள்ளே நுழையாது, அறிக்கை 'சுத்தம்' என்று வரும். தென்மேற்குப் பருவமழையில் மட்டம் ஏறி இறங்கும்போது எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி ஒன்றிரண்டு மீற்றர் மண்ணில் பூசிவிடும், அதனால்தான் மழை முடிந்து 'சரியாகிவிட்டது' என்ற கிணறு அடுத்த வருடம் மீண்டும் மணக்கிறது. ஆகக் குறைந்தது ஒரு முழு வருடம், மழைக்காலமும் வரட்சியும் சேர்த்துச் சோதிக்காமல் எவரும் உங்களுக்கு நற்சான்று தர முடியாது.

மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சி எடுப்பதும், நீருக்கடியில் காற்றைச் செலுத்துவதும் மணற்பாங்கான கரையோரத்தில் நன்றாக வேலை செய்யும். கபுக்கில் துளைகள் ஒழுங்கற்றவை. காற்று இலகுவான வழியால் ஓடிவிட்டு, களிப்பகுதியை அப்படியே விட்டுவிடும். ஒரு நல்ல செய்தி: மூலத்தை நிறுத்திவிட்டால் மண் பக்டீரியாக்கள் பென்சீனைத் தின்னத்தான் செய்கின்றன. பெரும்பாலான பெற்றோல் பரவல்கள் ஒரு கட்டத்தில் நீளாமல் நிற்கின்றன. மூலம் கசிந்துகொண்டிருக்கும்போது "இயற்கையே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்வதற்கு மட்டும் இது சாட்டாகக் கூடாது.

முறைப்பாட்டை எழுத்தில் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் உள்ளூராட்சிச் சபைக்கும் கொடுங்கள், நிலையத்தின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளைக் கேட்டு வாங்குங்கள். சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெயால் கிணறுகள் கெட்ட வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைப்படி, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல் வேறு, கொழும்பு மண் வேறு; கொள்கை ஒன்றுதான். திகதியிட்ட ஆய்வுகூட அறிக்கைகள் உங்களிடம் இல்லாவிட்டால் அந்தக் கொள்கையால் உங்களுக்குப் பலனிராது.

கேள்வி: முன்பு பெற்றோல் செட் இருந்த காணி மலிவாக வருகிறது. வாங்கலாமா? வளவில் முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறதே.
– மட்டக்குளி வாசகர்

பதில்: முருங்கையைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். எண்ணெய் மூன்று மீற்றர் ஆழத்தில் இருந்தால் மேல்வேருக்கு அது தெரியாது.

தாங்கிகள் எத்தனை, எங்கே, எடுத்தார்களா, மணல் நிரப்பி அங்கேயே விட்டார்களா என்று பழைய வரைபடத்தோடு கேளுங்கள். காற்றுக் குழாய்கள் இன்னும் சுவரோரம் நின்றால் கீழே ஏதோ இருக்கிறது. தாங்கிக் குழி, பம்பிகள் நின்ற மேடை, பவுசர் இறக்கிய இடம், சேவிஸ் குழி ஆகிய நான்கிலும் நீர்மட்டம் வரை துளைத்து மண்ணும் தண்ணீரும் சோதிக்க வேண்டும். 2002க்கு முன் இயங்கிய இடமென்றால் ஈயத்தையும் சேர்த்துப் பாருங்கள், அதுவரை இங்கே ஈயம் கலந்த பெற்றோல் விற்பனையில் இருந்தது. அடித்தளத்தோடு கட்டப்போகிறீர்களா? அப்படியானால் மண்ணின் ஆவியையும் அளக்கச் சொல்லுங்கள்.

சோதனைச் செலவைக் காணிக்காரர் ஏற்கவும், சுத்தம் செய்யும் செலவு விலையிலிருந்து கழியவும் உடன்படிக்கையில் எழுதச் சொல்லுங்கள். துளைக்கவே விடமாட்டேன் என்கிறவரிடம் வேறு காணி தேடிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.